யூனிக்ஸில் ஒளிவட்டுச் சேமிப்பு: கேள்வி பதில்

கேள்வி: டிரைவைப் பொருத்திவிட்டேன். லினக்ஸில் அதை எந்தப் பெயரில் தேடுவது?

சாதனங்களின் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவுக்குள் எஸ்ஆர்0 என்று இருக்கும். இரண்டாவது டிரைவ் இருந்தால் எஸ்ஆர்1. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையில் அதுவே சிடி0. பெயர் தெரிந்தும் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் கணக்கு அதற்குரிய குழுவில் இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அந்தக் குழுவின் பெயர் சிடிராம். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள், அப்போதுதான் செல்லும்.

கேள்வி: எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிரைவுக்கு ஒரு வரி சேர்த்ததிலிருந்து, வட்டு உள்ளே இல்லாவிட்டால் பூட் ஆகும்போது தடுமாறுகிறது.

பூட் ஆகும்போது தானாக இணைக்காதே என்னும் நோஆட்டோ விடுபட்டிருக்கிறது. ஆர்ஓ (படிக்க மட்டும்), நோஆட்டோ, யூசர் (சாதாரணப் பயனரும் இணைக்கலாம்) மூன்றையும் கொடுங்கள், போதும்.

கேள்வி: புளூரேயில் காப்புப் பிரதி எடுத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தால் கோப்புப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, அனுமதிகளும் போய்விட்டன. வட்டு கெட்டதா?

வட்டின் மேல் தவறில்லை. ஐஎஸ்ஓ 9660 என்பது ஒளிவட்டில் கோப்புகளை அடுக்க 1988இல் வெளியான தரம். அதன் முதல் நிலையில் பெயருக்கு எட்டு எழுத்து, நீட்சிக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான். யூனிக்ஸ் பாணி உரிமையாளர், அனுமதி, குறியீட்டு இணைப்பு ஆகியவற்றை அது வழக்கமாகக் காப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ராக் ரிட்ஜ் நீட்டிப்பு வந்தது. ஜோலியட் என்ற இன்னொரு நீட்டிப்பை மட்டும் போட்டால் நீளமான பெயர்கள் கிடைக்கும், அனுமதிகள் கிடைக்காது. அது விண்டோஸுக்காக வந்தது.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். வட்டில் எழுதவேண்டியதை எல்லாம் ஒரே படிமக் கோப்பாக்கும் எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் கட்டளையில் சிறிய ஆர் (-r) கொடுத்தால் எல்லாக் கோப்பும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகி, யாரும் படிக்கும்படி மாறிவிடும். பிறருக்குக் கொடுக்கும் வட்டுக்கு அது சரி. காப்புப் பிரதிக்குப் பெரிய ஆர் (-R) தான். 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு இருந்தால் ஐஎஸ்ஓ மூன்றாம் நிலையையும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாக அமுக்கி எழுதுவதை நான் விரும்புவதில்லை. நடுவில் ஒரு செக்டர் (வட்டின் ஒரு சிறு பகுதி) போனால், ஜிசிப் முறையில் அமுக்கிய கோப்பில் அதற்குப் பிறகுள்ளதை மீட்பது பெரும்பாடு.

கேள்வி: எழுதும்போது பிழை எதுவும் வரவில்லை. மூலக் கோப்புகளை அழித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். எழுதி முடிந்தது என்றால் லேசர் தன் வேலையை முடித்தது என்று மட்டுமே பொருள். வட்டை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். இல்லையென்றால் நினைவகத்தில் தங்கியதையே படித்து ஏமாறலாம். அப்புறம் படிம கோப்பின் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு மதிப்பையும் வட்டின் மதிப்பையும் ஒப்பிடுங்கள். வட்டின் கடைசியில் நிரப்பு செக்டர்கள் இருக்கக்கூடும் என்பதால் முழுவதையும் படிக்காதீர்கள். படிமத்தின் அளவை பைட்டில் எடுத்து, செக்டர் அளவான 2048ஆல் வகுத்து, அத்தனை செக்டர்களை மட்டும் டிடி கட்டளை மூலம் படித்தால் மதிப்பு பொருந்தும். முடிந்தால் இதை வேறொரு டிரைவில் செய்யுங்கள். எழுதிய டிரைவ் படித்ததை இன்னொன்று படிக்க மறுப்பதும் உண்டு.

கேள்வி: வட்டைக் கழற்ற யுமவுண்ட் செய்தால் 'பிஸி' என்கிறது.

பெரும்பாலும் ஏதோ ஒரு ஷெல் (கட்டளைச் சாளரம்) வட்டு இணைந்திருக்கும் அடைவுக்குள்ளேயே நிற்கிறது. முதலில் உங்கள் ஷெல்லைப் பாருங்கள், பிறகு எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டும் ஃபியூசரைக் கேளுங்கள்.

கேள்வி: பழைய காந்த ஒளிவட்டு ஒன்று, 640 எம்பி. எஸ்ஆர் பெயரில் தெரியவே இல்லை.

தெரியாது. லினக்ஸ் அதை வன்வட்டாகவே நடத்துகிறது, ஆகவே வன்வட்டுகளுக்கான எஸ்டி வரிசையில் தேடுங்கள். 3.5 அங்குலத்தில் 230 எம்பி வட்டின் செக்டர் 512 பைட், 640 எம்பி வட்டின் செக்டர் 2048 பைட். கோப்பு முறைமை இடம் ஒதுக்கும் துண்டான பிளாக்கின் அளவு செக்டர் அளவுக்குக் குறையக்கூடாது. 1024 பைட் பிளாக்கில் உருவான இஎக்ஸ்டி2 (ஒரு லினக்ஸ் கோப்பு முறைமை) படிமத்தை 640 எம்பி வட்டில் அப்படியே நகலெடுத்தால் மவுண்ட் ஆகாது. புதிதாக ஃபார்மட் செய்து, கோப்புகளாக நகலெடுங்கள்.