ஏர் ரைபிள் பெல்லட்: எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். எல்லாமே 4.5 மி.மீ. தானே? எதை வாங்குவது?

எல்லாம் 4.5 மி.மீ. (.177 அங்குலம்) ரகம்தான். டப்பாவில் உள்ள எண், பெல்லட்டின் (ஈயக் குண்டின்) தலை விட்டம். தலை, குழலின் உள்ளே இருக்கும் வரிமேடுகளில் உட்கார்ந்து நேராகப் போக வேண்டும். பின்னாலுள்ள மெல்லிய ஸ்கர்ட் விரிந்து, காற்று கசியாமல் அடைக்க வேண்டும். தலை சிறிதாக இருந்தால் பெல்லட் குழலுக்குள் லேசாகச் சாய்ந்து ஓடும். பெரிதாக இருந்தால் திணிக்கும்போதே ஈயம் நசுங்கிவிடும்.

ஒரே மாடலில் இரண்டு ரைபிள் எடுத்தால்கூட இரண்டுக்கும் ஒரே அளவு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. சோதிக்க வசதி இல்லாதவர்கள் 4.50-இல் தொடங்குங்கள். 10 மீட்டர் காகித டார்கெட்டுக்குத் தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும். அதுதான் ஓட்டையை வட்டமாக வெட்டும், புள்ளி கணக்கிடும்போது சந்தேகம் வராது. போட்டி ரைபிளுக்குப் பொதுவாக 0.53 கிராம் எடை. பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.5 கிராம் வரை.

என் ரைபிளுக்கு எது பொருந்தும் என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா? ரைபிளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் வைஸ் எல்லாம் கிடையாது.

முடியும். விலை உயர்ந்த டப்பாவை வாங்குவதைவிட இந்தச் சோதனைக்கு ஒரு மதியத்தை ஒதுக்குவது அதிக பலன் தரும்.

முழு டப்பாக்களாக வாங்கிக் குவிக்காதீர்கள். கூடச் சுடுபவர்களிடம் வெவ்வேறு அளவில் ஐம்பது ஐம்பதாக மாற்றிக்கொண்டாலே போதும். காற்று அடிக்காத இடத்தில், சரியாக 10 மீட்டர் அளந்து, கெட்டியான அட்டையில் டார்கெட் ஒட்டுங்கள். மெல்லிய காகிதம் கிழிந்தால் ஓட்டையின் விளிம்பை அளக்க முடியாது.

சிலிண்டர் காற்றில் இயங்கும் ரைபிள் என்றால், மணல் நிரப்பிய பையை முன்கட்டைக்குக் கீழே ஒன்றும் பின்கட்டைக்குக் கீழே ஒன்றும் வையுங்கள். குழல் எதன்மீதும் படக்கூடாது. ஸ்பிரிங் ரைபிளுக்கு இது சரிப்படாது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் உதறலில் ரைபிள் நகரத் தொடங்கிவிடும். கெட்டியான பையில் நேரடியாக வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும். பையின் மேல் உங்கள் உள்ளங்கை, அதன் மேல் ரைபிள், இறுக்கிப் பிடிக்காமல். கையை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள்.

பெல்லட் மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். அதன் பிறகு ஒரு டார்கெட்டில் பத்து. ஒவ்வொரு அளவுக்கும் இப்படி இரண்டு மூன்று டார்கெட். மூன்றே மூன்று சுட்டு முடிவு செய்பவர்கள் ஏமாறுவது அதிகம், ஏனென்றால் மூன்று குண்டுகள் தற்செயலாக ஒரே ஓட்டையில் விழுவது சாதாரணம். விசையை இழுக்கும்போது கை ஆடிவிட்டது என்று தெரிந்தால், ஓட்டையைப் பார்க்கும் முன்பே குறித்துவிடுங்கள். பார்த்த பிறகு “அது என் தப்பு” என்று கழித்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

அளப்பது சுலபம். ஓட்டைக் கூட்டத்தின் ஒரு கோடி வெளிவிளிம்பிலிருந்து மறுகோடி வெளிவிளிம்பு வரை அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். வருவது மையத்துக்கு மையம் தூரம். 10 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். ஆகவே வெளிவிளிம்பு கணக்கில் 9.5 மி.மீ.க்குள் அடங்கும் பெல்லட், கோட்பாட்டளவில் அத்தனையையும் பத்தாக்கும். 10.9 வரை தசமப் புள்ளி எண்ணும் போட்டிக்கு இதைவிட நெருக்கம் தேவைப்படும். ஆரம்ப நிலையில் இதே வெளிவிளிம்பு கணக்கில் 8 மி.மீ. தரும் பயிற்சிப் பெல்லட் தாராளம்.

ஒன்று 7.0, இன்னொன்று 7.4 என்று வந்தால் இரண்டும் ஒன்றே, மலிவானதை எடுங்கள். முடிவானதும் அதே பேட்ச் எண் உள்ள டப்பாக்களாகப் பார்த்து வாங்குங்கள். பேட்ச் மாறினால் திரும்பவும் சோதிக்க வேண்டும்.

பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிக்கிறார்கள். மில்லிகிராம் தராசு வாங்கலாமா?

வேண்டாம். 0.53 கிராமில் 1% வித்தியாசம் என்றால் 5 மி.கி. அதனால் வேகம் சுமார் 0.5% மாறும். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.06 வினாடி, அதற்குள் பெல்லட் கீழிறங்குவது 17, 18 மி.மீ. வேக மாற்றத்தால் அதில் வரும் வித்தியாசம் 0.2 மி.மீ.கூட இல்லை. நீண்ட தூரம் சுடுபவர்கள் கதை வேறு.

தராசுக்குப் பதில் கண்ணைப் பயன்படுத்துங்கள். வெள்ளைத் துணியில் கொட்டி, ஸ்கர்ட் நெளிந்தவற்றையும் தலையில் வெட்டு விழுந்தவற்றையும் ஒதுக்குங்கள்.

பழைய டப்பாவில் பெல்லட் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்துவிட்டுச் சுடலாமா?

கூடாது. ஈயம் அரித்து உண்டான உப்பு அது, விஷம். பொடி மூச்சிலும் கையிலும் ஏறும், பெல்லட்டின் அளவும் கெட்டிருக்கும். டப்பாவோடு அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். ஈரமும், மரப்பெட்டியிலிருந்து வரும் அமில ஆவியும் இதற்குக் காரணம். பெல்லட்டை அதன் தகர டப்பாவிலேயே இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள், மர இழுப்பறையில் வேண்டாம்.

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.

ட்ராப்பில் (டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில்) சேர்ந்த ஈயத்தை உருக்கி நாமே பெல்லட் வார்க்கலாமா?

உருக்கும் இடத்தில் ஈயத் தூசும் ஆவியும் வீட்டுக்குள் படியும், குழந்தைகளுக்கு அது மிகக் கெடுதல். மேலும், இவ்வளவு மெல்லிய ஸ்கர்ட்டைக் கையால் ஒரே சீராக வார்க்க முடியாது. சேர்ந்த ஈயத்தைப் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்தால் அடுத்த டப்பாவுக்குக் கொஞ்சம் தேறும்.

செலவில்லாமல் ட்ராப் செய்ய வழி?

ஒரு அடி ஆழமுள்ள மரப்பெட்டி, பின்பக்கம் உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு, மிச்ச இடம் முழுக்கப் பழந்துணியை அழுத்தி அடைத்தால் போட்டி ரைபிளின் 7.5 ஜூல் சக்திக்குப் போதும். இதைவிடச் சக்தி வாய்ந்த ரைபிளுக்கு இதை நம்பாதீர்கள். டார்கெட் ஒரே இடத்தில் இருப்பதால் துணியில் குகை போல ஓட்டை விழும். அடிக்கடி பிரித்துத் திரும்ப அடையுங்கள். விட்டால் பெல்லட் நேரே தகட்டில் மோதித் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம். சிந்திய ஈயத் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

குழலை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது? எண்ணெய் போடலாமா?

குறி பரவத் தொடங்கினால் சுத்தம் செய்யுங்கள், அதுவே கணக்கு. கயிற்றில் கட்டிய துணியைப் பின்பக்கமிருந்து முன்பக்கம் இழுங்கள். குழல் வாயிலிருந்து கம்பி விட்டால் வாய் விளிம்பு தேயும், அங்கே ஒரு கீறல் விழுந்தாலே குறி போய்விடும். உலோகப் பிரஷ் ஏர் ரைபிளுக்கு வேண்டாம்.

எண்ணெயில்தான் பெரிய ஆபத்து. ஸ்பிரிங் ரைபிளின் காற்றறையில் சாதாரண எண்ணெய் விட்டால் அழுத்தத்தின் சூட்டில் பற்றிக்கொள்ளும், சீல் கருகும். சிலிண்டர் ரைபிளில் உயர் அழுத்தக் காற்று இருக்கும் பகுதியில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் வெடிக்கவே வாய்ப்புண்டு. தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கான் கிரீஸைத் தவிர எதையும் தொடாதீர்கள்.

ஒரு டப்பாவை அதிக நாள் இழுக்க என்ன செய்யலாம்?

500 பெல்லட் டப்பா, 60 குண்டு போட்டிக் கணக்கில் எட்டு சுற்றில் முடிந்துவிடும். பயிற்சியில் பாதி நேரத்தைப் பெல்லட் இல்லாமல் செய்யுங்கள். போட்டி ரைபிள்களில் இதற்கென்றே காற்றை விடாமல் விசையை மட்டும் இயக்கும் அமைப்பு இருக்கும். ஸ்பிரிங் ரைபிளை வெறுமையாக விடக்கூடாது, பிஸ்டன் நேராக மோதி உடையும். அதில் ஸ்பிரிங்கை ஏற்றாமல், பிடித்துக் குறி பார்ப்பதை மட்டும் பழகுங்கள்.

முதல் பத்து நிமிடம் வெற்று வெள்ளைத் தாளை நோக்கி. விசை விடுபடும் கணத்தில் முன்குறி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அதன்பின் டார்கெட்டை நோக்கி. எட்டு வினாடிக்குள் விசை விடுபடவில்லை என்றால் இறக்கிவிடுங்கள், கண் களைத்த பிறகு இழுப்பது கெட்ட பழக்கம். கடைசியாக இருபது பெல்லட், ஒவ்வொன்றும் எங்கே விழுந்திருக்கும் என்று பார்க்கும் முன்பே குறித்துக்கொண்டு. இந்தக் கணக்கில் ஒரு டப்பா இருபத்தைந்து நாள் பயிற்சிக்கு வரும்.