வீட்டில் பாட்டு, வெளியூரில் காது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டுகளை வெளியூரிலிருந்து போனில் கேட்பது பற்றிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா சேர்த்த சிடிக்களை எல்லாம் எம்பி3 ஆக்கி பழைய லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். 4,000 பாட்டு இருக்கும். வேலை சென்னையில். ஊருக்கு வந்தால்தான் கேட்க முடிகிறது. வழி உண்டா? (நாகர்கோவில், வடசேரி)

முதலில் ஒரு கணக்கு. ஒரு பாட்டு 8 மெகாபைட் என்று வைத்தாலும் மொத்தம் 32 ஜிபிதான். போனில் அவ்வளவு இடம் இருந்து, இனி புதிதாகச் சேர்க்கப்போவதும் இல்லை என்றால், அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

சேகரிப்பு வளர்ந்துகொண்டே போகிறது, வீட்டில் நாலு பேர் கேட்கிறார்கள், ஃபிளாக் என்ற தரம் குறையாத பெரிய கோப்புகள் நிறைய இருக்கின்றன என்றால்தான் சர்வர், அதாவது வீட்டிலிருந்தே பாட்டை அனுப்பித் தரும் கம்ப்யூட்டர், வேண்டும். பாட்டுக்கு மட்டும் என்றால் நேவிட்ரோம் என்ற சர்வர் மென்பொருள் போதும். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடும். வீடியோவும் வேண்டும் என்றால் ஜெல்லிஃபின். நேவிட்ரோம் சப்சானிக் என்ற பொது முறையில் பேசுவதால் ஆண்ட்ராய்டில் அல்ட்ராசானிக், சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை என்று எந்தச் செயலி பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு வைஃபையில் நன்றாகப் பாடுகிறது. வாசலைத் தாண்டினால் இணைப்பே இல்லை. ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் பார்த்துவிட்டேன். (தக்கலை)

இதே இடத்தில் நானும் இரண்டு ராத்திரி தூங்காமல் ரூட்டரை நோண்டியிருக்கிறேன். தப்பு ரூட்டரில் இல்லை. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, அதில் 'வான்' (WAN) என்ற இடத்தில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். பிறகு, உங்கள் ஐபி எது என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரூட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்களுக்குத் தனி முகவரி இல்லை. ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். சிஜிநாட் என்பது இதுதான். தெருவுக்கே ஒரு கதவு எண் என்றால் தபால்காரர் எந்த வீட்டைத் தட்டுவார்? நீங்கள் திறந்த போர்ட்டுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது.

இது ஒருவகையில் நல்லதே. தனி முகவரி இருந்தாலும் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். திறந்த கதவுகளைத் தேடி நாள் முழுக்க இணையத்தைத் துழாவும் நிரல்கள் உண்டு. டெயில்ஸ்கேல் என்ற செயலியை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். வயர்கார்ட் என்ற குறியாக்க முறையில் இரு கருவிகளுக்கும் நடுவே தனிச் சுரங்கம் போட்டுத் தரும். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்க் கைகோப்பதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. நேரடிப் பாதை கிடைக்காவிட்டால் இடைச் சர்வர் வழியாகப் போகும். அப்போதும் பூட்டிய நிலையிலேயே போகும்.

டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100-இல்தான் தொடங்கும். மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். போன் செயலியில் அந்த முகவரியோடு நேவிட்ரோம் என்றால் 4533, ஜெல்லிஃபின் என்றால் 8096 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். இரண்டு மணி நேரம் கேட்டால் டேட்டா தீர்ந்துவிடாதா? (மார்த்தாண்டம்)

ஃபிளாக்கை அப்படியே அனுப்பினால் மணிக்கு ஏறக்குறைய 400 மெகாபைட். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் 144. சர்வரே வழியில் ஓபஸ் என்ற சிக்கன வடிவில் 96 கேபிபிஎஸ்ஸாக மாற்றி அனுப்பினால் 43தான். 26 வேலை நாளுக்கு இரண்டிரண்டு மணி நேரம் கேட்டாலும் 2.3 ஜிபிக்கு மேல் போகாது. பஸ் இரைச்சலில் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியாது. போன் செயலியில் 'மொபைல் டேட்டாவில் மட்டும்' தரத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இப்படி மாற்றித் தர, சர்வரில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும்.

அண்ணே, ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்கா டவர் கிடையாது. எனக்கு இதுல பிரயோசனம் உண்டா? (தூத்தூர்)

உண்டு, தம்பி. கரையில் இருக்கும்போதே வேண்டிய பாட்டுகளைச் செயலிக்குள் இறக்கிவையுங்கள். படகு ஏறுமுன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பாடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில செயலிகள் சர்வர் கிடைக்காவிட்டால் பட்டியலையே காட்டாது. அதைக் கடலில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

எங்கள் பக்கம் மழை என்றால் கரண்ட் போய்விடும். சர்வர் நின்றால் யார் போய் ஆன் செய்வது? வீட்டில் அம்மா மட்டும்தான். (குலசேகரம்)

பழைய லேப்டாப்பே நல்லது, அதன் பேட்டரிதான் யுபிஎஸ். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், ஆபத்து. ராஸ்பெர்ரி பை என்றால் சுமார் 5 வாட், மாதம் 3.6 யூனிட். கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொள்ளும். ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போடுங்கள். முதலில் உங்கள் ரூட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி முழங்கினால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவைக்க அம்மாவிடம் சொல்லுங்கள். ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. அடாப்டர் வழியாக வரும். ஒரு ராத்திரி பாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை.

தாத்தா வில்லுப்பாட்டு அண்ணாவி (முதன்மைப் பாடகர்). கோயில் கொடைகளில் பாடியதை யாரோ டேப்பில் பிடித்த 20 கேசட் கிடைத்திருக்கிறது. இதையும் இப்படிக் கேட்க முடியுமா? (அகஸ்தீஸ்வரம்)

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டு தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். உங்கள் தாத்தாவின் குரல் அந்த 20 கேசட்டில் மட்டுமே இருக்கிறது.

கண்ட பிளேயரில் போடாதீர்கள். நன்றாக ஓடும் ஒரு டெக்கைத் தேடி, அதன் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். முதலில் வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு, நாடாவைச் சிக்கவைக்கிறதா என்று பாருங்கள். லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரத்தில் பதியுங்கள். மூலப் பதிவை ஃபிளாக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். சி-90 கேசட் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும், கூடவே உட்கார வேண்டியதுதான்.

இரைச்சலை நீக்கும் வசதியைக் கண்டதும் கை துறுதுறுக்கும். மூலப் பதிவில் அதைத் தொடவே வேண்டாம். வில்லில் கட்டியிருக்கும் மணிகளின் ஓசையும் நாடாவின் இரைச்சலும் மேல் அலைவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரைச்சலைத் துடைத்தால் மணியும் மங்கும். குடத்தின் சத்தம் மட்டும் மிஞ்சும் பதிவு வில்லுப்பாட்டாகவே கேட்காது.

காப்பு, குரு வணக்கம், அவையடக்கம், கதை, வாழி என்று பகுதி பிரித்துத் தனித்தனிக் கோப்பாக்குங்கள். கதை நடுவில் கேசட் பக்கம் மாறும் இடத்தைச் செயலியின் இடைவெளியில்லா ஒலிப்பு ஓரளவு ஒட்டிவிடும். டேக் (கோப்புக்குள் வைக்கும் பெயர் விவரம்) எழுதும்போது ஆல்பம் பெயராகக் கோயிலையும் ஆண்டையும் போடுங்கள். கலைஞர் இடத்தில் அண்ணாவியோடு உடுக்கு, குடம், பின்பாட்டுக்காரர்கள் பெயரையும் சேருங்கள். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் எழுதினால் போனில் புரியாத குறிகளாகத் தெரியும்.

ஒரு பிரதி சர்வரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். கேசட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனும் மச்சானும் கேட்கிறார்கள். என் பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா? (குளச்சல்)

கூடாது. நேவிட்ரோமில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்குங்கள், நிர்வாகி உரிமை இல்லாமல். டெயில்ஸ்கேலில் அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அவர்களோடு பகிரும் வசதி இருக்கிறது. 128 கேபிபிஎஸ்ஸில் ஐந்து பேர் ஒன்றாகக் கேட்டாலும் வீட்டு அப்லோடில் 1 எம்பிபிஎஸ் கூட ஆகாது. இந்த வகைச் செயலிகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறதா என்று அவர்களையே முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே சட்டச் சிக்கல் என்றால் கோப்புகளை ஒரு பென்டிரைவில் போட்டு, லீவுக்கு வரும்போது கையில் கொடுத்துவிடுங்கள்.