ஏழு நாள், ஏழு உடை, ஓர் அம்மா

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் நானும் கணவரும் முதல் முறையாக நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் கலைவிழாவுக்குப் போகிறோம். ஏழு நாளுக்கு ஏழு உடை யோசித்து வைத்திருக்கிறேன். முழுக்கச் சம்கி வைத்த லெஹங்கா, தோளில் போட்டு முதுகில் தொங்கவிடும் மயிலிறகு கேப், வெல்வெட் ஜம்ப்சூட், காளி வேடம் என்று பட்டியல் இணைத்திருக்கிறேன். சம்கி, மணி வேலையெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார். கண்புரை ஆபரேஷன் முடிந்து போன மாதம்தான் இங்கே வந்தார், சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கும் பிடிக்காது. என் குழப்பம் இதுதான்: ஏழு போதுமா, இரவுக்குத் தனியாக ஏழு வேண்டுமா?

பதில்: ஏழும் வேண்டாம், பதினான்கும் வேண்டாம். பகலுக்கு மூன்று, இரவுக்கு ஒரு கனமான கோட்டு, அதற்குள் போட்டுக்கொள்ள இரண்டு. கணக்கு அவ்வளவுதான், விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஒரு வரி. "அம்மா பார்த்துக்கொள்வார்." பட்டியலில் லெஹங்காவுக்கு எத்தனை மீட்டர் துணி, கேப்புக்கு எத்தனை இறகு என்றெல்லாம் கணக்கெழுதியவர், அம்மாவின் கண்ணை மட்டும் போகிற போக்கில் எழுதித் தாண்டிவிட்டீர்கள். கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்கானது. ஊசிக் காது தெரிய வேண்டுமானால் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். புண் ஆறி, பவர் ஒரு நிலைக்கு வர சில வாரம் ஆகும், அதற்குப் பிறகுதான் அந்தக் கண்ணாடியை எழுதித் தருவார்கள். உங்கள் அம்மாவுக்கு எழுதியாயிற்றா? இல்லை, மேஜை விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு தடவித் தடவி நூல் கோக்கிறாரா? தைப்பதால் கண் கெட்டுப்போகாது என்று டாக்டர் சொல்லலாம். கெட்டால்தான் நிறுத்துவீர்களா?

"சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கும் பிடிக்காது." இதுவும் எனக்குப் பழகிய வரிதான். மகள் வீட்டுக்கு வந்த எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்கும்? கார் ஓட்டத் தெரியாது, பேசப் பக்கத்து வீடு கிடையாது, பகல் முழுக்கப் பூட்டிய கதவு. அந்த நிலையில் இருப்பவரிடம் ஒரு கிலோ சம்கியைக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வார்? மகளுக்கு உபயோகமாக இருக்கிறோமே என்று ராத்திரி ஒரு மணி வரை உட்காருவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதி.

நீங்கள் போகும் விழாவின் சட்டமே உங்களுக்கு எதிராக இருப்பதைக் கவனித்தீர்களா? அந்த விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004-இல் பத்துக் கொள்கைகளை எழுதி வைத்தார். நீங்கள் ஆசைப்படும் வேடம், அலங்காரம், தன்னை வெளிப்படுத்திக்கொள்வது எல்லாம் ஐந்தாவது. அதற்கு முந்தைய நான்காவது, நம்மூர்ப் பேச்சில் சொன்னால், தன் கையே தனக்கு உதவி. அங்கே ஐஸ் தவிர வேறொன்றும் விலைக்குக் கிடைக்காது. தண்ணீர் முதல் ஊக்கு வரை கொண்டுபோனதுதான் உண்டு. அப்படிப்பட்ட ஊருக்குப் புரை எடுத்த அம்மாவின் கையால் தைத்த உடையோடு போகிறேன் என்கிறீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை, அந்தச் சம்கியையே அங்கே கொண்டுபோகக் கூடாது. எட்டாவது கொள்கை, தடயம் விடாமல் திரும்புவது. விழா நடக்கும் இடம் பிளாக் ராக் பாலைவனம். பனியுகத்து ஏரி ஒன்று வற்றிப்போன தரை, அமெரிக்க மத்திய அரசு நிலம். விழா முடிந்ததும் அரசு ஆட்கள் வந்து சோதிப்பார்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை தேறக் கூடாது. அதற்காகத் தொண்டர்கள் வரிசை கட்டி நடந்து, குனிந்து குனிந்து ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்குகிறார்கள். எந்தக் கூடாரம் எவ்வளவு சிந்தியது என்று வரைபடமே போடுகிறார்கள். மீட்டர் கணக்கில் விற்கும் சம்கி லேஸ் சங்கிலித் தையலில் ஓடுவது. ஓர் இடத்தில் நூல் அறுந்து முனை இழுபட்டால் வரிசையே உருவிக்கொண்டு வரும். கையால் ஒவ்வொன்றாக வைத்தது கொஞ்சம் தாங்கும், ஆனாலும் சைக்கிளில் ஏறி இறங்குகிற தொடைப்பக்கம் முதல் நாளே உதிரும். இறகும் அப்படியே. காற்றில் ஒரு இழை பிரிந்தால் பிடிக்க முடியாது. இறகு, மினுக்குத் தூள் எல்லாம் வேண்டாம் என்று விழாக்காரர்களே கேட்டுக்கொள்கிறார்கள். ஆக, அம்மா கண்ணைக் கொடுத்துத் தைப்பது, யாரோ ஒரு தொண்டர் முதுகொடியப் பொறுக்குவதற்கு. இன்றைக்கே அந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். தைத்த வரைக்கும் இருப்பதைத் தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

பளபளப்பு வேண்டுமென்றால் நெசவிலேயே ஓடுகிற ஜரிகையைத் தேடுங்கள். துணியோடு பிறந்த மினுக்கு உதிராது. ஆனால் அசல் பட்டு வேண்டாம். அந்தத் தரையின் புழுதி மாவு போல நைசானது, கடுமையான காரத்தன்மை உள்ளது. பட்டும் கம்பளியும் காரத்துக்கு ஆகாது, நூல் வலுவிழந்து மங்கிப்போகும். ஜரிகைக் கரை போட்ட பருத்திப் புடவை ஒன்று பழசாக இருந்தால் அதை வெட்டுங்கள். ஐந்தரை மீட்டரில் ஒரு முழங்கால் பாவாடையும் தளர்ந்த மேல்சட்டையும் வந்து, முகத்தில் சுற்றத் துண்டும் மிஞ்சும். கண்ணாடி வேலை வேண்டாம், உடைந்தால் சில்லு மண்ணில் போகும். துணியை வெட்டிய ஓரங்களை ஓவர்லாக் அடித்து மடித்துத் தையுங்கள். பிசிறு நூலும் அங்கே குப்பைதான்.

பகலில் 38 டிகிரி தாண்டுவது சாதாரணம். வெளிர் நிறத்தில், முழுக்கை வைத்த மெல்லிய பருத்தி. உடம்பைக் காட்டும் உடையில் பலர் திரிவார்கள், அது அவரவர் விருப்பம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம், நிழல் கிடையாது. மூடிய தோலுக்குத்தான் மறுநாளும் வெளியே வர முடியும். தொப்பிக்குத் தாடையில் கட்டும் நாடா அவசியம், இல்லாவிட்டால் தொப்பி அடுத்த கூடாரத்துக்குப் போய்விடும்.

எல்லோரும் மறக்கும் ஒன்று: முதுகில் தண்ணீர்ப்பை இருக்கும். ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒன்றரை கேலன் தண்ணீர், அதாவது ஐந்தரை லிட்டருக்கு மேல், என்று கணக்குப் போட்டுக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் எந்நேரமும் உங்கள் முதுகில் தொங்கும். உங்கள் கேப் அதன் மேல் நிற்காது, உள்ளே போட்டால் கூனல் விழுந்தது போல இருக்கும். உடையை அளவெடுக்கும்போதே பையை நிரப்பி மாட்டிக்கொண்டு அளவெடுங்கள்.

ஊரைச் சுற்ற சைக்கிள்தான். துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஸ்கூட்டர் ஓட்டும் ஊரிலிருந்து போன உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லெஹங்காவின் கதி அதேதான். பாவாடை விளிம்பு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்கட்டும். தொங்கும் முந்தானை, குஞ்சம், கயிறு எதுவும் வேண்டாம். நெருப்பை வைத்தே பாதிக் கலை நடக்கும் ஊரில் மெல்லிய நைலான் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அங்கே போகும் இரவுகளில் பருத்தியைப் போடுங்கள்.

வெல்வெட் ஜம்ப்சூட்டைப் பற்றி ஒரே வார்த்தை: கழிப்பறை. அங்கே இருப்பவை பிளாஸ்டிக் கூண்டுகள், இரவில் உள்ளே வெளிச்சமும் இருக்காது. ஜம்ப்சூட்டை அவிழ்த்தால் மேல்பாதி தரையில்தான் விழும். நம்பாவிட்டால் வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்து, துணி எதுவும் தரையைத் தொடாமல் ஒரு நிமிஷத்தில் முடித்து வெளியே வாருங்கள். வர முடிந்தால் எடுத்துப் போங்கள். ஜிப்பும் நம்பத் தகாதது, பல்லுக்குள் புழுதி ஏறி மூன்றாம் நாள் இறுகிவிடும். நாடா, பெரிய ஹூக், மரப் பொத்தான் போதும்.

காளி வேடம். குலசேகரன்பட்டினம் தசராவில் அந்த வேடம் போடுகிறவர்கள் மாலை போட்டு, நாள் கணக்கில் விரதம் இருந்து, வீடு வீடாகக் காணிக்கை எடுத்துவிட்டுத்தான் கிரீடம் வைக்கிறார்கள். நீங்கள் அதை வெல்வெட்டுக்கும் மயிலிறகுக்கும் நடுவில் ஆறாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை, மறைக்க மாட்டேன். அதையும் விட்டுத் தள்ளினால்கூட, அட்டைக் கைகளும் ஜடாமுடியும் புழுதிக் காற்றில் அரை மணி நேரம் தாங்காது. அம்மாவிடம் இந்த வேடத்தைப் பற்றிச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை.

இரவு வேறு ஊர். குளிர் 10 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். புது கோட்டு வாங்காதீர்கள், பழைய துணிக் கடையில் முழங்கால் வரை வரும் கோட்டு ஒன்று பாருங்கள். செயற்கை ரோமம் வைத்தது ஆசையாக இருந்தால் வாங்கலாம், ஆனால் அதை எங்கேயும் வெட்டாதீர்கள். வெட்டிய ஓரம் ஒரு வாரத்துக்கு உதிரும். உலர்த்தியில் வெப்பமில்லாமல் 20 நிமிஷம் சுற்றவிட்டு, ஒட்டாத மயிரை வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

விளக்கு இல்லாமல் இருட்டில் நடந்தால் சைக்கிள்காரர் உங்கள் மேல் ஏறுவார். முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று என்று தனித்தனி எல்இடி சரங்கள் வையுங்கள், ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும். சரம் கெடுவது பல்பில் இல்லை, கம்பி பேட்டரிப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில்தான் முறியும். பெட்டியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் கம்பியைச் சின்ன வளையமாக விட்டுத் துணியோடு இறுக்கித் தைத்தால் இழுவை அந்த முனைக்குப் போகாது. முழங்கையிலும் தோளிலும் கம்பியைத் தளர்த்தி விடுங்கள். பெட்டிக்கு உள்பக்கம் ஒரு பை. ஏஏ பேட்டரி போடுவதாக வாங்குங்கள், பட்டன் செல் ஒரு இரவுகூட ஒழுங்காக நிற்காது. இந்த வேலை முழுவதும் உங்கள் கணவருக்கு. அவர் என்ன உடுத்தப்போகிறார் என்று பட்டியலில் ஒரு வரிகூட இல்லை, ஆக நேரம் இருக்கிறது என்று தெரிகிறது.

எந்த உடைக்கும் மேலே மூன்று சாமான் எப்போதும் இருக்க வேண்டும்: என்95 மாஸ்க், நான்கு பக்கமும் ஒட்டி மூடுகிற கண்ணாடி (பகலுக்குக் கறுப்பு, இரவுக்கு வெள்ளை), டார்ச். புழுதிப் புயல் வந்தால் நீட்டிய கை தெரியாது. கூடாரத்துக்குப் போய் எடுத்து வரலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

காலுக்குச் செருப்பு வேண்டாம். அந்தக் காரப் புழுதி குதிகாலை வெடிக்க வைக்கும். கணுக்காலுக்கு மேல் வரும் கயிறு கட்டும் பூட்ஸ், அரை அளவு பெரிதாக. வாங்கிய அன்றிலிருந்து இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகுங்கள். சாக்ஸ் எட்டு ஜோடி. தினமும் ராத்திரி ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து காலைத் துடைத்து, க்ரீம் தடவி, சுத்தமான சாக்ஸ் போட்டுப் படுங்கள். 2023-இல் மழை பெய்தபோது அந்தத் தரை பசைக்களியாகி, பூட்ஸில் அடிக்கு அடி ஒட்டி ஏறியது. வாசலை மூடிவிட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் நகர முடியாமல் இருந்தார்கள். அப்போது உதவியது பூட்ஸுக்கு மேல் கட்டிய பிளாஸ்டிக் பை. நான்கு கனமான பை எடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு உடையையும் உள்ளாடை, சாக்ஸோடு ஒரு ஜிப் பையில் அடக்குங்கள். திரும்பும் நாளுக்கான துணி ஒரு பை, அதை அதுவரை திறக்கக் கூடாது. ஊசி, நூல், இருபது ஊக்கு, இரண்டு மீட்டர் எலாஸ்டிக் தனியாக.

தைக்கத் தெரியாது என்று எழுதுவீர்கள். அம்மாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மெஷினில் நீங்கள் உட்காருங்கள். ஊசியில் நூலை நீங்களே கோத்துக்கொள்ளுங்கள். ஓரம் மடிப்பது, பட்டி வைப்பது, நாடா கோப்பது மூன்றும் இரண்டு சனிக்கிழமையில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவரை லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள், அரை மணி நேரப் பயணம்தான்.

வீட்டுக்கு வந்ததும் பைகளைக் கராஜிலேயே வையுங்கள். துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள், அந்தப் புழுதி ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. வெளியில் மாஸ்க் போட்டு உதறி, ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு கப் வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகு மெஷினில் போடுங்கள். துவைப்பது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. அதற்கும் அம்மா என்று அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள்.