விழுந்தார் என்பதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது? ஊனக் காப்பீடு: கேள்வி பதில்

சென்னையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா: என் கணவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, இனி ஊன்றுகோல்தான். தனிநபர் விபத்து பாலிசி இருந்தும், நோயால் விழுந்தார் என்று பணம் தர மறுத்துவிட்டார்கள்.

அம்மா, மருத்துவமனையில் சேர்த்த அன்று எழுதிய முதல் குறிப்பின் நகலை வாங்கிப் பாருங்கள். 'வழுக்கி விழுந்தார்' என்று இருக்கிறதா, 'மயங்கி விழுந்தார்' என்று இருக்கிறதா? விபத்து பாலிசி விபத்தில் பட்ட காயத்துக்கு மட்டுமே. பக்கவாதமோ, சர்க்கரை நோயால் கால் எடுப்பதோ அதில் வராது. என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் சறுக்கித் தலையில் அடிபட்ட பெரியவர் அவர். 'அப்பா மயங்கிக் கிடக்கிறார்' என்று மகன் பதறிச் சொன்னதை, 'மயங்கி விழுந்தார்' என்று பதிவு செய்துவிட்டார்கள். சிகிச்சை அளித்த மருத்துவர் விளக்கக் கடிதம் கொடுத்த பிறகே பணம் வந்தது.

உங்கள் கணவரும் வழுக்கித்தான் விழுந்தார் என்றால், அப்படியொரு கடிதம் வாங்கி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஓராண்டு கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

அம்பத்தூர் பட்டறைத் தொழிலாளி: இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் போய்விட்டது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். அதில் பணம் கிடைக்குமா?

மனம் தளராதீர்கள் தம்பி. கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. குணமாகும்வரை ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். பிறகு மருத்துவக் குழு, உங்கள் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிடும். அதற்கேற்ப ஆயுள் முழுவதும் தொகை வரும். முதலாளி விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று இன்றே கேளுங்கள்.

வேளச்சேரி வாசகர்: அரசு மருத்துவக் குழு 45 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. பாலிசித் தொகையில் 45 சதவீதம் வருமா?

அப்படிக் கணக்கிட மாட்டார்கள். அரசுச் சலுகைக்கான கணக்கு வேறு, பாலிசியில் அச்சிட்ட அட்டவணை வேறு. எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று அந்த அட்டவணையைப் பாருங்கள். சான்று எப்படியும் வேண்டும்.

சோழிங்கநல்லூர் மென்பொருள் பணியாளர்: புதிதாக விபத்து பாலிசி எடுக்கப் போகிறேன். என்ன கேட்பார்கள்?

வருமானம், தொழில், ஏற்கெனவே உள்ள பாலிசிகள், பழைய காயங்கள். சிறுவயதில் முறிந்த கையையும் எழுதுங்கள். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. படுத்திருக்கும் வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அலுவலகக் குழுக் காப்பீடு பொதுவாக வேலையை விட்டதும் போய்விடும்.

மயிலாப்பூர் பூ வியாபாரி: வங்கியில் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பயன் உண்டா?

கட்டாயம் உண்டு அம்மா. அது பிரதமரின் விபத்துக் காப்பீடு; 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விபத்தில் இரண்டு கண்ணோ, இரண்டு கையோ, இரண்டு காலோ முற்றிலும் போனால் 2 லட்சம். ஒன்று போனால் 1 லட்சம். எலும்பு முறிவுக்கு எதுவும் வராது. ஜூன் 1 முதல் புது ஆண்டு. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இருக்கட்டும்.