வகுப்பறையில் இனப்படுகொலைப் படங்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். யூத இனப்படுகொலை பாடத்துக்காக 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' போட்டேன். 195 நிமிடப் படம். ஐந்து வகுப்புகளில் துண்டு துண்டாக ஓடியது. சிலர் அழுதார்கள், சிலர் பின்வரிசையில் சிரித்தார்கள். 'ஹிட்லர் கெட்டவர்' என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்' காட்டலாமா? சின்னப் படம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

க.

அன்புள்ள க.,

அந்தப் படம் வேண்டாம். முகாம் வேலியோரம் உள்ளே அடைபட்ட ஒரு யூதச் சிறுவனும் வெளியே ஒரு நாஜி அதிகாரியின் மகனும் நாள்தோறும் உட்கார்ந்து பேசுவதாக அதில் வருகிறது. ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமின் வேலியில் மின்சாரம் ஓடியது. அந்த வயது யூதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் கொல்லப்பட்டார்கள். ஜெர்மன் பள்ளிகளில் யூத வெறுப்பு பாடமாகவே நடந்த காலத்தில், நாஜி அதிகாரியின் மகனுக்கு ஒன்றுமே தெரியாது என்பதையும் நம்ப முடியாது. கடைசியில் பார்வையாளர் பதறுவதும் அந்த அதிகாரி மகனுக்காகத்தான். அதன் மூல நாவலை இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் 2020-இல் சொன்னது.

நீங்கள் காட்டிய படமே போதும், ஆனால் முழுதாக வேண்டாம். தொடக்கத்தில் போலந்தின் கிராக்கோ நகருக்கு வந்திறங்கும் யூதர்களின் பெயர்களை மடக்குமேசை போட்டுத் தட்டச்சு செய்யும் காட்சி வரும். அதை மட்டும் எடுங்கள். 45 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் பின்னணிக்கு: 1933 ஏப்ரலில் யூதக் கடைகள் புறக்கணிப்பு, 1935-இல் குடியுரிமையைப் பறித்த நியூரம்பெர்க் சட்டங்கள், 1938 நவம்பரில் எரிந்த வழிபாட்டுக்கூடங்கள். பிறகு காட்சியை ஒலியில்லாமல் ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை. கேள்வியை முன்பே பலகையில் எழுதிவிடுங்கள்: 'இந்த எழுத்தர் யாரையாவது கொன்றாரா?' குறைந்தது 20 நிமிடம் பேச்சுக்கு. இந்தக் கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரியும். உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வகுப்பில் ருவாண்டா. பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்ஸி என்று இனப்பெயரை எழுதியது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் யாரைக் கொல்வது என்று அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஏறக்குறைய 100 நாளில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் டுட்ஸிகள், கொல்லப்பட்டார்கள். 'ஹோட்டல் ருவாண்டா'வில் ஒரு பத்திரிகையாளர் இரண்டு பெண்களில் யார் ஹூட்டு, யார் டுட்ஸி என்று வேறுபடுத்த முடியாமல் திகைக்கும் காட்சி சில நிமிடம்தான், போதும். விடுதி மேலாளரை நாயகனாகக் காட்டியதை அங்கே உயிர் தப்பியவர்களில் பலர் மறுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது வகுப்புதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தெரேசியன்ஷ்டாட் என்ற யூத முகாமில், வெளியுலகை ஏமாற்ற நாஜிகளே 1944-இல் எடுக்கவைத்த படத்தின் துண்டுகள் கிடைக்கின்றன: கால்பந்தாட்டம், கச்சேரி, சிரித்த முகங்கள். இயக்கியவர் குர்ட் கெர்ரோன் என்ற யூதக் கைதி. படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 5 நிமிடம் காட்டி, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே எடுத்தது யார் என்று சொல்லுங்கள். மணி அடிக்க 15 நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பாதியில் மணி அடித்தால் சிலர் முகாம் நன்றாகத்தான் இருந்தது என்று நம்பி வீட்டுக்குப் போவார்கள்.

பின்வரிசைச் சிரிப்பைப் பெரிதாக எடுக்காதீர்கள். எதிர்பாராமல் வன்முறையைப் பார்க்கும் பதினான்கு வயதுக்காரர் பலருக்கு முதலில் வருவது அதுதான். என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னாலே பாதி குறையும். விளக்கை முழுதாக அணைக்காதீர்கள், முகம் தெரியட்டும். பிணக்குவியல் காட்சிகள் வேண்டாம்; பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள், யோசிக்க மாட்டார்கள். வகுப்பை யூதர், நாஜி என்று பிரித்து நடிக்கவைப்பதும் கூடாது. சிலருக்கு அது விளையாட்டாகும், சிலருக்கு ஆறாத காயமாகும். பார்க்க முடியாது என்று சொல்லும் மாணவரிடம் காரணம் கேட்காமல், அதே நிகழ்வைப் பற்றி ஒரு பக்க எழுத்துச் சாட்சியத்தைக் கொடுத்துவிடுங்கள். கலந்துரையாடலுக்கு அவரும் வரட்டும்.