அப்பா டிஸ்சார்ஜ் ஆகிறார்: வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வாசகர்களின் கேள்விகளுக்கு, வீட்டுப் பராமரிப்பில் பழகிய செவிலியர்கள் தரும் பதில்கள்.

பக்கவாதம் வந்த அப்பாவை இந்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூக்கில் டியூப், சிறுநீர் டியூப் இரண்டும் உண்டு. மெடிக்கல் கடையில் நீளமான பட்டியல் தருகிறார்கள். எதை முதலில் வாங்குவது?
– வாசகர், விருதுநகர்

முதலில் கட்டில். அதையும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். தலைப்பக்கமும் முழங்கால் பக்கமும் தனித்தனியாக உயரும் ஃபவுலர் கட்டில்தான் தேவை. டியூப் வழியாகச் சாப்பிடுபவருக்குத் தலைப்பக்கம் உயராத கட்டில் ஆபத்து. உயர்த்தும்போது முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அப்புறம் தலைப்பக்கத்தைத் தூக்குங்கள். மாற்றிச் செய்தால் ஆள் கீழ்நோக்கிச் சரிவார், இடுப்புத் தோல் உராயும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், இரு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள்.

அடுத்து ஏர் பெட் (பம்பால் காற்று நிரம்பும் மெத்தை), அண்டர்பேட் (ஈரம் உறிஞ்ச இடுப்புக்கு அடியில் விரிக்கும் விரிப்பு), ஸ்டிக்கர் டயப்பர், கிளவுஸ் ஒரு பெட்டி, டியூபில் உணவு கொடுக்க 50 மி.லி. சிரிஞ்ச், தெர்மாமீட்டர், பி.பி. மெஷின். ஆளைத் தூக்கி நகர்த்த, இரண்டாக மடித்த பழைய பருத்திப் போர்வை போதும். வீல்சேரை அவசரப்பட்டு வாங்காதீர்கள். இடுப்பகலம் பார்த்து, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு வாங்கினால் போதும். சளி உறிஞ்சும் மெஷினும் ஆக்சிஜன் மெஷினும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

காசு கொடுத்து வாங்க முடியாத சரக்கு ஒன்று இருக்கிறது. வார்டிலேயே நர்ஸ் பக்கத்தில் இருக்க, இரண்டு வேளையாவது நீங்களே டியூபில் உணவு கொடுத்துப் பாருங்கள். டியூப்களின் வகை, அளவு, போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., எந்தெந்த மாத்திரையைப் பொடிக்கலாம் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏர் பெட் போட்டும் மாமியாருக்கு இடுப்புக்குக் கீழே சிவந்துவிட்டது. பெட் மட்டமானதா?
– வாசகி, மதுரை

பெரும்பாலும் பெட் நன்றாகத்தான் இருக்கும், போட்ட விதத்தில்தான் கோளாறு. அதை வழக்கமான மெத்தையின் மேல் விரித்து, குமிழ்கள் மேலே இருக்கும்படி போட்டு, பம்பைக் கால்மாட்டில் மாட்ட வேண்டும். குழாய் எங்கும் மடங்கக் கூடாது. மேலே ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, அதுவும் இறுக்கிச் செருகாமல். ஜமுக்காளம், ரப்பர் ஷீட், இரண்டு மூன்று அண்டர்பேட் என்று அடுக்கினால் காற்றின் பயன் உடம்புக்குப் போகாது. சத்தமாக இருக்கிறது என்று ராத்திரியில் பம்பை நிறுத்துவது பல வீடுகளில் நடக்கிறது. அது இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டியது. இழுக்கும் மின்சாரம் சுமார் 10 வாட்தான், இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுவிடுங்கள். ஒரு வரிசை குமிழ் தளர்ந்தும் அடுத்த வரிசை விறைத்தும் இருப்பது ஓட்டையல்ல. மாறி மாறி நிரம்புவதுதான் அதன் வேலை.

அவர் படுத்திருக்கும்போதே, உள்ளங்கை மேலே பார்க்கும்படி ஏர் பெட்டுக்கு அடியில் கையை விட்டு, புட்டத்துக்கு நேர் கீழே கொண்டுபோங்கள். கைக்கும் அவர் எலும்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் பம்பின் திருகைக் கூட்டுங்கள். அப்போதும் இடித்தால்தான் பெட்டையோ பம்பையோ மாற்ற வேண்டும்.

ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியாக வேண்டும். முழுதாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி நிறுத்துங்கள், குதிகாலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், இடுப்புக்கு அடியில் விரித்த போர்வையை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால், அந்தப் பக்கம் பாரம் படாமல் பார்த்துக்கொண்டாலே சரியாகிவிடும். வெளுக்கவே இல்லையென்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். ஸ்பிரிட்டும் பவுடரும் வேண்டாம். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் வராமல் செய்கிறது. கடைகளில் இன்னமும் விற்கிறார்கள்! தோல் உரிந்தால் சலைனால் கழுவி, நர்ஸைக் கூப்பிடுங்கள். கறுத்தாலோ நாற்றம், சீழ் இருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

சத்துமாவுக் கஞ்சி கொடுத்தால் மூக்கு டியூப் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

சத்துமாவு ஆற ஆற இறுகும். நிலக்கடலை, முந்திரித் துணுக்குகள் வேறு. நீர்க்கக் காய்ச்சி, டீ வடிகட்டியில் இரண்டு முறை வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொடுங்கள். காய்ச்சி இரண்டு மணி நேரம் வெளியே இருந்ததைக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் முதலில் மூக்கருகே டியூபில் உள்ள குறியைப் பாருங்கள். குறி வெளியே நகர்ந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது, உணவும் கொடுக்கக் கூடாது, நர்ஸ் வர வேண்டும். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்டுவிட்டதால் டியூப் சரியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மி.லி. தண்ணீர் விடுங்கள். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, உணவைத் தானாக இறங்கவிடுங்கள். 200 மி.லி. இறங்கக் கால் மணி நேரமாவது ஆகட்டும். பிஸ்டனால் தள்ளினால் வாந்தி எடுப்பார், அது நுரையீரலுக்குள் போகும். முடிந்ததும் மறுபடி 30 மி.லி. தண்ணீர். தலைப்பக்கம் ஒரு மணி நேரம் உயர்ந்தே இருக்கட்டும். நடுவில் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

அடைப்புக்கு இன்னொரு காரணம் மாத்திரை. எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் பொடித்துக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக மாவாகப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, நடுநடுவே 10 மி.லி. தண்ணீர் விடுங்கள். அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருப்பவற்றைப் பொடிக்கவே கூடாது, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். பாண்டோபிரசோல் போன்ற மேல்பூச்சு உள்ள மாத்திரையைப் பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகும். வலிப்புக்கான ஃபெனிடாயினை உணவோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடைத்தால் 50 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, மெதுவாக முன்னும் பின்னும் இழுத்து, இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், டியூப் வெடிக்கும். கம்பி விடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வாயால் சாப்பிடாதவருக்கும் தினமும் இரண்டு வேளை பல், நாக்கு சுத்தம் செய்ய வேண்டும். வாயில் சேரும் கிருமி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வருகிறது.

சிறுநீர் டியூபுக்குப் பக்கவாட்டில் கசிகிறது. இன்னும் பெரிய டியூபாகப் போடச் சொல்லலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம், பெரிய டியூப் எரிச்சலைக் கூட்டும். குழாய் மடங்கியிருக்கிறதா, அவர் அதன் மேல் படுத்திருக்கிறாரா, பை இடுப்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் கசியும், இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நாலு மணி நேரமாகப் பையில் ஒன்றும் சேராமல் அடிவயிறு உப்பியிருந்தால் அடைப்பு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பை தரையில் படாமல் கட்டில் சட்டத்தில் தொங்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். குழாயைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டால் இழுபடாது. டியூபின் உள்முனையில் தண்ணீர் நிரப்பிய பலூன் இருப்பதால், டியூபை உருவ முயன்றால் சிறுநீர்க்குழாய் கிழியும். டியூப் நுழையும் இடத்தைக் கழுவத் தினமும் சோப்பும் தண்ணீருமே போதும், டெட்டால் வேண்டாம். ஆண்களுக்கு முன்தோலை விலக்கிக் கழுவினால் மறக்காமல் பழையபடி மூடிவிடுங்கள், இல்லையென்றால் வீங்கிச் சிக்கிக்கொள்ளும். லேட்டக்ஸ் டியூபைச் சில வாரங்களில் மாற்ற வேண்டும். சிலிக்கான் விலை கூடுதல், ஆனால் மூன்று மாதம் வரை தாங்கும்.

டயப்பர் பேண்ட் மாதிரி வாங்குவதா, ஸ்டிக்கர் வைத்ததா?
– வாசகர், கோவை

படுத்தே இருப்பவருக்கு ஸ்டிக்கர்தான், திருப்பிப் போட்டே மாற்றிவிடலாம். எழுந்து நடப்பவருக்கு பேண்ட். பெரிய அளவு வாங்கினால் அதிகம் தாங்கும் என்பது தவறு, தொடை இடுக்கில் ஒழுகும். சிறுநீர் டியூப் இருந்தால் மலத்துக்கு மட்டுமே தேவைப்படும் என்பதால், பகலில் அண்டர்பேடோடு விட்டுத் தோலுக்குக் காற்றுப் படவிடலாம். ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமை மெல்லியதாகத் தடவினால் போதும்.

நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். மூச்சு வாங்கினால் 5 லிட்டருக்கு ஏற்றலாமா?
– வாசகர், தூத்துக்குடி

நீங்களாக ஏற்றாதீர்கள். இந்த நோயில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண்) 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பதே வழக்கமான இலக்கு. அளவுக்கு மீறி ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்க நிலைக்குப் போகலாம். டாக்டர் குறித்த அளவிலும் 88-க்குக் கீழே நின்றாலோ, குழப்பமாகப் பேசினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெஷின் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்கட்டும், ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டரைத் தினமும் மாற்றுங்கள். பூஜை விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் அந்த அறையில் கூடாது. இது 300 வாட்டுக்கு மேல் இழுப்பதால் சாதாரண இன்வெர்ட்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும். மின்வெட்டுக்கு ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும்.

அரசு உதவி ஏதாவது உண்டா? இன்சுலின் ஊசி, டயப்பரை எங்கே போடுவது?
– வாசகி, கிருஷ்ணகிரி

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயர் கொடுங்கள்.

ஊசியை மூடி போட முயலாமல், அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் கேனில் போட்டு மூடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். டயப்பரில் உள்ள மலத்தைக் கழிவறையில் கொட்டிவிட்டு, சுருட்டி ஸ்டிக்கரால் ஒட்டி, பேப்பரில் சுற்றி, சிவப்புக் குறி போட்டு, மற்றக் குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். எரிக்காதீர்கள்.