கீமோ நடக்கும்போது தடுப்பூசி போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, 21 நாளைக்கு ஒருமுறை கீமோ ஏறுகிறது. ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னால், “குத்துகிற ஊசி போதாதா? நோயைக் கிளறிவிடும்” என்கிறார். கேன்சர் டாக்டரும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் என் மூன்று மாதக் குழந்தையும் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: போடலாம், போடவும் வேண்டும். கீமோவில் இருப்பவருக்கு ஃப்ளூ வந்தால் அது நிமோனியாவாக முற்றி, அடுத்த கீமோவையே தள்ளிப்போட வைக்கும். டாக்டர் ஒன்றும் சொல்லாததை ‘வேண்டாம்’ என்று பல குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. கூட்டமான ஓபியில் பேச்சு கீமோவோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்த முறை நீங்களே, அம்மாவை வைத்துக்கொண்டே கேளுங்கள். உங்களிடம் வாதாடும் அம்மா, டாக்டர் சொன்னால் கேட்கக்கூடும்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் துண்டு. அது உடம்பில் பெருகாது, புற்றுநோயைத் தூண்டாது, கீமோ மருந்தின் வேலையையும் கெடுக்காது. ஆனால் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசிகளும் உண்டு: மூக்கில் அடிக்கும் ஃப்ளூ ஸ்ப்ரே, சின்னம்மை ஊசி, தட்டம்மை ஊசி. இவற்றைக் கீமோ காலத்தில் போடக்கூடாது. அம்மாவின் பயத்துக்கு இடம் இருப்பது இங்கேதான்.

எப்போது போடுவது? கீமோ தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டிருந்தால் நல்லது. இப்போது இரண்டு கீமோவுக்கு நடுவில் போடவேண்டும். கீமோ ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களை விட்டுவிட்டு, அடுத்த கீமோவுக்காக ரத்தப் பரிசோதனை எடுக்கும் சமயத்தில் போடுங்கள். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடவேண்டாம். போட்டால் மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும்.

எந்தக் கை என்பதை நர்ஸிடம் முந்திக்கொண்டு சொல்லுங்கள். ஆபரேஷனில் அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கத்துக் கை வேண்டாம், மறுகை. இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் தொடை. ஊசிக்குப் பிறகு, ஊசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் சில வாரம் நெறிகட்டலாம். பெட் ஸ்கேனிலோ மேமோகிராமிலோ அதைப் பார்த்துவிட்டு, நோய் பரவிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகும். ஸ்கேன் எடுப்பவரிடம் ஊசி போட்ட தேதியையும் கையையும் சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

நிமோனியா தடுப்பூசியும் கேளுங்கள். 20 வகைக் கிருமிகளுக்கான ஊசி கிடைத்தால் ஒன்றே போதும். 13 வகை ஊசி போட்டால், குறைந்தது எட்டு வாரம் கழித்து 23 வகை ஊசி போடவேண்டும். அக்கிக்கான புதிய ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அது இரண்டு தவணை. விலை அதிகம் என்பதால் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

கீமோவின்போது தடுப்பூசி முழுப் பலன் தராது. அதனால் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும், நீங்களும், ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது அவசியம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் அந்த ஊசி போடமுடியும். குழந்தையின் மற்றத் தடுப்பூசிகளை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் கீமோவில் இருப்பவர் இருக்கிறார் என்று குழந்தை டாக்டரிடம் சொன்னால், போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போடுவார். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்கலாம். ஆனால் அதில் உள்ள வைரஸ் மலத்தில் வெளிவரும் என்பதால், நாலு வாரத்துக்கு உங்கள் அம்மா குழந்தைக்கு டயபர் மாற்றவேண்டாம். மாற்றுகிறவர் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும்.

கடைசியாக, காய்ச்சல். ஊசி போட்ட பின் ஓரிரு நாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருக்கலாம். ஆனால் கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், “ஊசிக் காய்ச்சல்தான்” என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக்கூடாது. வெள்ளை அணு குறைந்த நிலையில் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருங்கள். நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ ஏறிய தேதியை முதலில் சொல்லுங்கள்.